பழைய எண் இருபத்திரண்டு

சபையின் சனிக்கிழமைக் குழுவில் மூன்றே பேர். தச்சர்தான் தலைவர். அவர் மனைவியின் தம்பி பிளம்பர். மூன்றாமவர் வார நாட்களில் கடைகளுக்கு ரொட்டி போடும் வேன்காரர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவார் என்பதால் அவருக்கு ஆமென் என்று பெயர் விழுந்து பத்து வருடமாகிறது. கஷ்டப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போய் எது பழுதோ அதைச் சரிசெய்துவிட்டு வருவது இவர்கள் வேலை. ஜெபம்கூட வேனிலேயே முடிந்துவிடும்.

குழுவுக்குத் தச்சர் சில விதிகள் வைத்திருந்தார். வேலைக் காகிதத்தில் யார் பெயரும் இருக்காது. தெரு, கதவு எண், செய்ய வேண்டியது, அவ்வளவுதான். போன்கள் வேனிலேயே கிடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்காரரிடம் எதையும் விசாரிக்கக் கூடாது.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. நாலு வருடம் முன்பு சபையிலிருந்து கம்பளி கொடுக்கப் போனவர்கள் கூடவே ஒரு படிவமும் கொண்டுபோனார்கள். மனைவியை இழந்த ஒரு பெரியவரிடம் இருபத்தாறு கேள்விகள். மகன் ஏன் வருவதில்லை என்பது பத்தொன்பதாவது. பெரியவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார், கையெழுத்துப் போட்டார், கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தது தச்சர்தான்.

இந்தச் சனிக்கிழமை காகிதத்தில் இருந்தது இது: பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு, 22. வாசலில் சாய்தளம். குளியலறையில் கைப்பிடி. இன்றே முடிய வேண்டும்.

அந்தத் தெருவுக்கு மூன்று வருடம் முன்பு நகராட்சி புது எண் கொடுத்திருந்தது. புது எண்கள் உள்ளங்கை அகலத்துக்கு நீலத் தகட்டில் இருந்தன. பழைய எண்களை யாரும் அழிக்கவில்லை. சுவரில் ஒரு முழ உயரத்துக்குப் பெயின்டில் எழுதியது அப்படியே இருந்தது. வேன் மெல்ல வந்தது. பிளம்பர் தலையை நீட்டிப் பார்த்து, "இதோ இருபத்திரண்டு" என்றார். அது பழைய இருபத்திரண்டு. புது எண்படி அந்த வீடு பதினாலு. நீலத் தகட்டைச் செடிக்கொடி மறைத்திருந்தது.

காகிதத்தில் இருந்த வீடு எட்டுக் கதவு தள்ளி, தெரு வளைந்து திரும்பிய பிறகு வருவது. அங்கே ஒரு பெண் ஒன்பது மணியிலிருந்து மேல்படியில் உட்கார்ந்திருந்தார். ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. கணவர் பஸ் மெக்கானிக். ஆறு வாரம் முன்பு பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவரை அன்றைக்கு நாலு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கூடவே நர்ஸ் வருவார். சக்கர நாற்காலியோடு கணவரை அந்தப் பெண் தனி ஆளாக வீட்டுக்குள் ஏற்றிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அதே வண்டி அவரைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோய்விடும். பஸ்ஸில் மூன்று மணி நேர தூரம். அங்கே ஒரு கட்டில் காலியாகி, அதில் இவர் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர் ஒருவரைக்கூட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வாசலில் மூன்று படிகள். சாய்தளம் இல்லை.

பழைய இருபத்திரண்டில் கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சபையிலேர்ந்து வர்றோம்மா. வாசலுக்கு ராம்ப் போடணும், பாத்ரூம்ல கைப்பிடி வைக்கணும்" என்றார் தச்சர்.

ஆபரேட்டரம்மா மூவரையும் பார்த்தார். "இன்னைக்கேவா?"

"இன்னைக்கே முடிச்சிருவோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே அவன்."

யார் அந்த அவன் என்று கேட்டிருந்தால் தவறு அங்கேயே தெரிந்திருக்கும். தச்சர் கேட்கவில்லை. கருவிப் பெட்டியை இறக்கினார்.

அவன் என்பது மகன். வேறு ஊரில் நல்ல வேலையில் இருந்தான். அம்மாவின் முழங்கால் இரண்டும் போய்விட்டன, படியில் பக்கவாட்டாக இறங்குகிறார் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணி, "ஏதாவது ஏற்பாடு பண்றேன்மா" என்பான். இரண்டு வருடமாகப் பண்ணிக்கொண்டிருந்தான்.

படிகள் இரண்டு, உயரம் பதினாலு அங்குலம். பத்தடி நீளம், இரண்டரை அடி அகலம் என்று தச்சர் கணக்குப் போட்டுச் சட்டத்தை அறுக்கத் தொடங்கினார். ஆமென் பலகையைப் பிடித்துக்கொண்டார். குளியலறையில் கைப்பிடியை மாட்டிவிட்டு வந்த பிளம்பர் தச்சரின் காதருகே குனிந்தார்.

"மாமா, அந்தம்மா நல்லாத்தானே நடக்குறாங்க?"

"மெல்லப் பேசு. அது நம்ம வேலை இல்ல."

"வீட்டுல வீல்சேர் எதையும் காணோம்."

"உள்ள இருக்கும்."

"நான் உள்ளேருந்துதான் வர்றேன்."

"அப்ப வரப்போகுதோ என்னவோ. மாப்ளே, உன் வாய்க்கு ஒரு குழாய் மாட்டினா நிறுத்த முடியுமா? டிரில்லப் பிடி."

பன்னிரண்டு மணிக்கு ஆபரேட்டரம்மா மூவருக்கும் டீ கொடுத்துவிட்டு உள்ளே போய் யாருக்கோ போன் பண்ணினார். சிரித்துப் பேசுவது வெளியே கேட்டது. அதே நேரத்தில் எட்டுக் கதவு தள்ளி அந்தப் பெண்ணும் போனில் இருந்தார். மூன்றாவது தடவை. சபை அலுவலகத்தில் இருந்தது டீச்சர். வேலைக் காகிதம் எழுதிக் கொடுப்பது அவர்தான்.

"காலையிலேயே கிளம்பிட்டாங்கம்மா. வந்துருவாங்க."

"எட்டு மணிக்குக் கிளம்பினவங்க நடந்து வர்றாங்களா?"

டீச்சர் தச்சருக்கு அடித்தார், பிளம்பருக்கு அடித்தார், கடைசியில் ஆமெனுக்கும் அடித்தார். மூன்று போன்களும் வேனின் முன்பெட்டியில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு அதிர்ந்தன.

இரண்டேகாலுக்கு வேலை முடிந்தது. தச்சர் சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பார்த்தார். எங்கும் ஆட்டமில்லை. ஆபரேட்டரம்மா எதையும் பிடிக்காமல் நேராக இறங்கி வந்து, திரும்பி ஏறினார். மறுபடி இறங்கினார். தச்சருக்குத் திருப்தியாக இருந்தது. கருவிகளை வைக்க வேனுக்குப் போய்ப் போனை எடுத்தார். பதினேழு அழைப்புகள்.

"எங்க இருக்கீங்க?" என்றார் டீச்சர்.

"இருபத்திரண்டுலதான். இப்பத்தான் முடிச்சோம்."

"இருபத்திரண்டுக்கு இன்னும் யாருமே வரலைன்னு அந்தம்மா காலையிலேர்ந்து போன் பண்றாங்க. உங்க எதிர்ல இருக்கறது யாரு?"

தச்சர் சுவரருகே போய்ச் செடிக்கொடியை விலக்கினார். பதினாலு என்றிருந்தது.

எட்டுக் கதவும் ஓட்டமும் நடையுமாகப் போனார். மேல்படியில் இருந்த பெண் எழுந்திருக்கவில்லை.

"நீங்கதானா அது?"

"நாங்கதாங்க. வீடு மாறிப் போச்சு. தப்பு எங்க மேலதான்..."

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். நாலு மணிக்குள்ள முடியுமா, அதைச் சொல்லுங்க."

தச்சர் டேப்பை நீட்டினார். மூன்று படி. இருபத்தொரு அங்குலம். "பார்க்கிறேங்க" என்றார்.

"பார்க்கிறேன்னு சொன்னவங்க இதுவரைக்கும் மூணு பேரு" என்றார் அந்தப் பெண். "நீங்க நாலாவது."

நாலு மணி வண்டியையும் பராமரிப்பு இல்லத்தையும் பற்றி அவர் சொல்லக் கேட்டுவிட்டுத் தச்சர் திரும்பினார். வேனருகே மூவரும் நின்றார்கள். கொண்டுவந்த மரம் தீர்ந்துவிட்டது. மரக்கடை சனிக்கிழமை ஒரு மணிக்கே மூடிவிடும்.

"இருக்கறது ஒரே வழி. போட்டதைக் கழட்டி அங்க கொண்டுபோகணும்" என்றார் பிளம்பர்.

"குடுத்ததை எப்படி மாப்ளே திருப்பிக் கேட்கிறது?"

"வாயாலதான் மாமா."

தச்சர் கைகளைத் துடைத்துக்கொண்டார். துடைக்க ஒன்றுமில்லை. உள்ளே போனார். மற்ற இருவரும் வாசலோடு நின்றார்கள்.

"அம்மா, ஒண்ணு கேட்கணும். ராம்ப் வேணும்னு நீங்க யார்கிட்டயாவது சொல்லி வெச்சிருந்தீங்களா?"

"என் பையன்கிட்ட."

"அவரு எங்க சபையில சொன்னாரா?"

"அது உங்களுக்குத்தானே தெரியும்?"

"எங்களுக்கு அவரைத் தெரியாதும்மா. நாங்க வர வேண்டியது வேற வீட்டுக்கு."

பிறகு தச்சர் எல்லாவற்றையும் சொன்னார். மெக்கானிக், நாலு மணி வண்டி, பராமரிப்பு இல்லத்துக் கட்டில், மூடிய மரக்கடை. சொல்லி முடித்த பிறகு ஆபரேட்டரம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பன்னிரண்டு மணிக்கு அவனுக்கு போன் பண்ணினேன். நல்ல ஆளுங்களா அனுப்பியிருக்கடா, சுத்தமா வேலை செய்யறாங்கன்னு சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?" என்று வாசலில் இருந்து கேட்டார் பிளம்பர். விதி எப்படியும் போய்விட்டது.

"இருக்கட்டும்மா, இதுல என்ன இருக்குன்னான்."

ஆமென் டிரில்லின் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஆபரேட்டரம்மா போனை எடுத்து எண்ணை அழுத்தினார். இப்போது வந்த குரல் வேறு. முப்பது வருடம் ஊரார் அவசரங்களையெல்லாம் அசையாமல் கேட்டு இணைப்புக் கொடுத்த குரல்.

"நான்தான். நீ அனுப்பின ஆளுங்க ராம்ப்பைக் கழட்டிட்டுப் போறாங்க... ஆமா, போட்டதைத்தான். இன்னொரு வீட்டுக்கு அவசரமா வேணுமாம்... நீ எதுக்குப் பதறறே? அடுத்த சனிக்கிழமை நீயே வந்து இவங்க கூட நின்னு புதுசா போட்டுக் குடுப்பேன்னு சொல்லிட்டேன்... என்ன? லைன் சரியில்லையா? எனக்கு நல்லாத்தான் கேட்குது."

போனை வைத்தார். தச்சரைப் பார்த்து, "கழட்டுங்க. பாத்ரூம் கைப்பிடி மேல கை வெச்சா தெரியும்" என்றார்.

"ஆமென்" என்றார் ஆமென்.

மணி இரண்டே முக்கால். மாட்ட இரண்டு மணி நேரம் ஆன போல்ட்டுகள் கழல இருபது நிமிடம்தான் ஆயிற்று. ஆனால் இது பத்தடி. மூன்று படிக்குப் பதினைந்தடியாவது வேண்டும். இல்லையென்றால் செங்குத்தாக நிற்கும், ஒரு பெண்ணால் தள்ள முடியாது. தச்சர் டீச்சருக்குப் போன் போட்டார்.

"சபைக் கோயில்ல முன்வரிசை பெஞ்ச் இருக்குல்ல, வலது பக்கம். அதோட பலகை வேணும்."

"எது, எங்க மாமனார் ஞாபகார்த்தமா குடுத்ததா?"

"அதேதான். ஒரே பலகை, பத்தடி. பதினஞ்சு அங்குல அகலம். ரெண்டா அறுத்து ஒட்ட வெச்சா இரண்டரை அடி வந்துரும். மத்த பெஞ்செல்லாம் துண்டு துண்டா இணைச்சது, தாங்காது."

டீச்சரின் மாமியார் உயிரோடு இருந்தார். ஞாயிறு தவறாமல் அந்தப் பெஞ்சில்தான் உட்காருவார்.

"டீச்சர்?"

"பேர் எழுதின பித்தளைத் தகடு ஒண்ணு இருக்கும். அதை மட்டும் கழட்டி என் கையில குடுக்கச் சொல்லுங்க. நாளைக்கு அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன். என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

ஆமென் வேனை எடுத்துக்கொண்டு போய் மூன்றரைக்குத் திரும்பினார். பின்கதவு மூடாமல் பலகை இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சின் கால்களையும் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை யாரும் சொல்லவில்லை. அவராக யோசித்தது. அந்தக் கால்கள்தான் நடுவில் முட்டுக்கொடுக்கப் பயன்பட்டன.

மேலே பத்தடி, கீழே பெஞ்ச்பலகை ஐந்தடி. நுனி நடைபாதையில் கொஞ்சம் நீட்டிக்கொண்டது. இரண்டும் சேரும் இடத்தில் மேல்பலகை அரை விரல் உயர்ந்து நின்றது. தச்சர் குனிந்து தடவிப் பார்த்தார். இழைப்புளியைப் போட்டால் பத்து நிமிடத்தில் சமமாகிவிடும். இழைப்புளியை எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது தெருமுனையில் ஆஸ்பத்திரி வண்டி திரும்பியது.

நர்ஸ் முதலில் இறங்கினார். முப்பது வயதிருக்கும், கையில் அட்டையில் கவ்விய படிவம். நாற்காலியோடு மெக்கானிக்கை இறக்கினார்கள். ஆள் பெரிய உருவம். ஆறு வாரத்தில் தளர்ந்திருந்தாலும் எண்பது கிலோவுக்குக் குறையாது. இடது கை மடியில் கிடந்தது. சாய்தளத்தையும் மூன்று ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்கள்லாம் யாரு?" வார்த்தைகள் மெல்ல வந்தன.

"அப்புறம் சொல்றேன்" என்றார் மனைவி.

நர்ஸ் பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தார். "யாரும் கை குடுக்கக் கூடாது. நாளைக்கு இவங்க யாரும் இங்க நிக்கப் போறதில்ல. நீங்க மட்டும் தள்ளுங்கம்மா."

அந்தப் பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினார். பெஞ்ச்பலகையில் நாற்காலி ஏறியது. ஐந்தாவது அடியில் நின்றது. முன்னால் இருந்த சின்னச் சக்கரங்கள் இணைப்பில் முட்டிக்கொண்டன. அவர் இன்னொரு தரம் அழுத்தினார். சக்கரங்கள் பக்கவாட்டில் திரும்பினவே தவிர ஏறவில்லை. நாற்காலி ஒரு சாண் பின்னால் சரிந்தது. தச்சர் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"வேண்டாங்க" என்றார் நர்ஸ். கடிந்து சொல்லவில்லை. பேனாவை மட்டும் திறந்தார்.

அந்தப் பெண் நாற்காலியைத் தன் உடம்பால் தாங்கி, அடிமேல் அடி வைத்துத் திரும்ப நடைபாதைக்கே கொண்டுவந்தார். ஒரு நிமிடம் கைப்பிடியைப் பிடித்தபடி இணைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியை அப்படியே சுற்றித் திருப்பினார். கணவரின் முகம் இப்போது தெருவைப் பார்த்து இருந்தது.

"ஏன், வீட்டைப் பார்க்க விடமாட்டியா?"

"உள்ள போய்ப் பாரு."

சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகள் ஏற்றிய வண்டிகளை லிஃப்ட் வாசல் விளிம்பைத் தாண்டி ஒரு நாளைக்கு நாற்பது தடவை இழுப்பவர் அவர். தள்ளினால் முட்டும், பெரிய சக்கரம் முதலில் போகிற மாதிரி இழுத்தால் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். சாய்தளத்தில் பின்பக்கமாக நடந்து ஏறினார். உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார். பெரிய சக்கரம் இணைப்பைத் தொட்டது, ஒரு கணம் தயங்கியது, ஏறியது. சின்னச் சக்கரங்கள் பின்னாலேயே குதித்து ஏறின. மிச்சம் பத்தடி. நடுவில் இரண்டு தடவை நின்று, பிரேக் போட்டு மூச்சு வாங்கினார். நர்ஸ் நிற்கக் கூடாது என்று சொல்லவில்லை. வாசல் நிலையைத் தாண்டி நாற்காலி உள்ளே போனது. மெக்கானிக்கின் கால்கள் கடைசியாகப் போயின.

பிளம்பர் விசிலடிக்க உதட்டைக் குவித்தார். தச்சர் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார்.

நர்ஸ் சாய்தளத்தில் ஏறி வாசலில் நின்று படிவத்தை நிரப்பினார். "ஏத்தறது சரி. இறக்கறதையும் பார்க்கணும்மா. ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கு."

உள்ளேயிருந்து அந்தப் பெண் வாசலுக்கு வந்தார். முகம் முழுக்க வியர்வை.

"இன்னைக்கு எதுக்கு இறக்கணும்?"

"விதி அதுதாங்க. ஏத்தி, இறக்கி..."

"அவரு இன்னைக்கு எங்கேயும் போகலை" என்றார் அந்தப் பெண். "திங்கக்கிழமை வாங்க. எத்தனை தடவை வேணாலும் இறக்கிக் காட்டறேன்."

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நர்ஸ் மூடிய கதவையும் படிவத்தையும் பார்த்தார். வண்டி ஓட்டுநர் கீழேயிருந்து, "இல்லத்துக்குப் போகணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். நர்ஸ் இறக்குவதற்கான கட்டத்தைக் காலியாக விட்டு, அதற்கு அடியில் கையெழுத்துப் போட்டார். "வேண்டாம்" என்று பேனாவை மூடிக்கொண்டு இணைப்பில் கால் இடறாமல் பார்த்து இறங்கினார்.